அமராவதி சரியணும்: முதல்ல எது நிக்கணும்?

கல்மண்டபம் – வெள்ளி, இரவு 9.10

ராயபுரத்துல தை மாசம் ஆரம்பிக்கப் போற டேபிள்டாப் ஆட்டத்துக்கான உலகம் இது, மேசையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு பாத்திரமா பகடை உருட்டி ஆடற கதை ஆட்டம். எட்டு செஷன். பிளேயருங்க எல்லாரும் இந்திரனோட தலைநகரமான அமராவதியில வேலை பாக்கற கீழ்மட்டத்து ஆளுங்க: ஒரு கந்தர்வன், நந்தவனத்துக்குத் தண்ணி பாய்ச்சறவன், வாசல் காவல், அக்னி கொண்டு வர்ற அவிர்பாகத்தை, அதாவது யாகத்துல தேவர்களுக்குக் குடுக்கற பங்கை, வாங்கிக் கணக்கு எழுதற ஒருத்தன். எட்டாவது செஷன் முடியறப்ப சொர்க்கம் காலியாகி இருக்கணும்.

இப்ப இருக்கற வரைவுல முதல் செஷன்லயே அசுரப் படை வாசலை உடைக்குது, மிச்ச ஏழும் ஓட்டம்தான். படிச்சா சப்புனு இருக்கு. அடிச்சு விழுந்தா அது தோல்வி. எனக்கு வேணுங்கறது நொடிச்சுப் போறது. எந்த வரிசையில கெடணும், அது பிளேயருக்கு எப்படித் தெரியணும்? 'ஒளி மங்கியது'ன்னு வர்ணிச்சுட்டுப் போக இஷ்டமில்ல. பகடையில தெரியணும், கணக்குல தெரியணும்.

வடிவுடை – வெள்ளி, இரவு 9.48

வரிசை ஏற்கெனவே இருக்கு தம்பி. விஷ்ணு புராணத்துல துர்வாசர் குடுத்த மாலையை இந்திரன் ஐராவதத்தோட தலையில வைக்கறான், யானை அதை எடுத்துத் தரையில வீசிடுது. உன் மூவுலகமும் திருவை இழக்கட்டும்னு சாபம். அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு கவனி. முதல்ல செடி கொடி, மூலிகை வாடுது. அடுத்து யாகம் நிக்குது, தவம் நிக்குது. ஜனங்களுக்குக் குடுக்கற மனசு போயிடுது. அதனால தேவர்களுக்குத் தெம்பு குறையுது. இவ்வளவும் ஆன பிறகுதான் அசுரர்கள் வர்றாங்க.

படையெடுப்புதான் கடைசி. நீ கடைசியிலேருந்து கதையை ஆரம்பிச்சிருக்க. வாசல் உடையறதை ஏழாவதுக்குத் தள்ளிடு. முதல் செஷன்ல நந்தவனத்துல ஒரு செடி வாடினா போதும். மந்தாரம், பாரிஜாதம், சந்தானம், கற்பகம், அரிசந்தனம்னு அஞ்சு தெய்வ மரம் இருக்கு. அதுல கையை வைக்காதே. அதுங்களுக்குக் கீழ இருக்கற புல் பழுக்கட்டும். தண்ணி பாய்ச்சற பிளேயருக்கு மட்டும் அது தெரியட்டும்.

பேசின்பிரிட்ஜ் – வெள்ளி, இரவு 10.02

இன்னாக்கா இது, ஒரு மாலைக்கு மூணு லோகமும் பணாலா? ஆட்டத்துல அப்டி வச்சா பிளேயர் கடுப்பாயிடுவான். சாபம்னாலே கதைய நடத்தற கேம் மாஸ்டர் கைய வுட்டு கவுத்த மாறி கீது. அவன் ஒரு முடிவும் எடுக்காம எதுக்கு தோக்கணும்? சாபத்த தூக்கு நைனா.

நாழிகைவட்டில் – வெள்ளி, இரவு 11.20

சாபம் இல்லாமலே இது நடக்கும். மழை பெய்தால் விளைச்சல், விளைச்சல் இருந்தால் வேள்வியும் விழாவும், அவை நடந்தால் தேவர்களுக்கு உணவு, அந்த வலுவில் மீண்டும் மழை. வட்டம் இவ்வளவுதான். வானம் வறண்டால் வானோர்க்கும் பூசனை நடக்காது என்று 18ஆம் குறள் சொல்வது இதைத்தான். எங்கே அறுத்தாலும் மொத்தமும் நிற்கும். பிளேயரே அறுக்கும்படி வைத்துவிட்டால் பேசின்பிரிட்ஜ் தம்பியின் குறையும் தீரும்.

ஆனால் அதற்கு முன் கால அளவை முடிவு செய்துகொள்ளுங்கள். மனிதரின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. நம் ஒரு மாதம் அவர்களுக்கு 5 நாழிகை, அதாவது 2 மணி நேரம். நம் ஒரு நாள் ஏறக்குறைய 4 நிமிடம்.

இதை வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. மணிமேகலை சொல்லும் 28 நாள் இந்திர விழா அங்கே 2 மணி நேரத்துக்கும் குறைவு. ஓர் ஊர் ஒரு வருடம் விழாவை விட்டால் ஒரு நாள் பட்டினி. மூன்று தலைமுறை, அதாவது 90 வருடம் விட்டால், நமக்கு அது யாருக்கும் நினைவில்லாத பழங்கதை. இந்திரனுக்கு மூன்று மாதப் பட்டினி. பொதுவாகச் சொர்க்கத்தின் வீழ்ச்சியை மெதுவாக, யுகக் கணக்கில் எழுதுகிறார்கள். மெதுவாக நடப்பது கீழே. மேலே அது திடுமென்று வரும்.

மூலக்கொத்தளம் – சனி, காலை 7.15

ஐயா, இது பிரமாதமான விஷயம். இன்னொண்ணும் வருது பாருங்க. இந்திரனோட சபையான சுதர்மா மண்டபத்துல 6 மணி நேரம் சபை கூடி ஆலோசனை பண்ணா கீழ மூணு மாசம் ஓடிடும். ரம்பை ஆட்டம் 3 மணி நேரம்னா ஒன்றரை மாசம். பஞ்சம்னு சேதி வந்து, விசாரிச்சு, உத்தரவு போடறதுக்குள்ள சாகுபடிப் பட்டமே தாண்டிடும். இந்திரன் கெட்டவனா இருக்க வேண்டியதே இல்ல. அவன் வேகமே அவ்வளவுதான்.

காசிமேடு_கிழக்கு – சனி, காலை 8.40

இதையும் சேர்த்துக்கோங்க. ஆடி ஒண்ணாம் தேதி அவங்களுக்கு சாயந்திரம் 6 மணின்னு வைங்க. ஆடி 6 முதல் 8, ஆவணி 8 முதல் 10, புரட்டாசி 10 முதல் 12. நம்ம ஊருக்கு மழை குடுக்கற ஐப்பசியும் கார்த்திகையும் நடுராத்திரி 12லேருந்து 4 மணி வரைக்கும். மார்கழி விடியக்காலை, அதை எல்லாரும் சொல்றாங்க, மத்த மாசத்தை யாரும் போட்டுப் பாக்கறதில்ல.

அப்ப வடகிழக்குப் பருவமழை மொத்தமும் நைட் ஷிஃப்ட். காவல்ல இருக்கறவன் கண் அசந்தா மழை வராது, இல்ல திறந்த மதகை மூட மறந்துடுவான். 2015 டிசம்பர் 1, 2023 டிசம்பர் 4, ரெண்டு வெள்ளமும் கார்த்திகை நடுவுல. தேவர் கணக்குல ரெண்டுமே அதிகாலை 3 மணி சுமார். ஆட்டத்துல மழைக்கு ராத்திரி ஆள் போடறது தனிச் செலவா இருக்கணும். முதல்ல வெட்டற செலவும் அதுவாத்தான் இருக்கும்.

கல்மண்டபம் – சனி, காலை 9.05

நைட் ஷிஃப்ட்டை அப்படியே எடுத்துக்கறேன். ஒரு செஷன் அவங்களுக்கு ஒரு மாசம், நமக்கு 30 வருஷம். எட்டு செஷனுக்கு 240 வருஷம். கணக்குப் பலகை யாராவது போடுங்களேன்.

மூலக்கொத்தளம் – சனி, காலை 11.30

போட்டாச்சு. எல்லாமே அவிர்பாக அலகு, ஒரு செஷனுக்கு.

கையிருப்பு தொடக்கத்துல 20. முதல் செஷன் வரவு 12. அப்புறம் செஷனுக்கு 2 குறையும்: 12, 10, 8, 6, 4, 2, 0. செலவு மொத்தம் 10. அதுல வாசல் காவல் 3, நகரத்து ஒளி 2, நந்தவனம் 2, கந்தர்வர் அப்சரஸ் சம்பளம் 2, மழை 1.

எதையும் வெட்டாம ஓட்டினா செஷன் முடிவுல கையிருப்பு 22, 22, 20, 16, 10, 2, ஏழாவதுல கவுந்துடும். மூணாவது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கவனிச்சீங்களா? அந்த நிம்மதி வேணும்.

இப்ப பொறி. மழைக்குச் செலவு 1தான், பாக்க அற்பம். அதை வெட்டினா ஒரு செஷன் கழிச்சு வரவு குறையற வேகம் 2க்கு பதில் 4 ஆயிடும். பிளேயர் மூணாவதுல மழையை வெட்டறான்னு வைங்க. மூணாவது முடிவுல 21. வெட்டாம இருந்தா 20தான், அதனால அவனுக்குச் சந்தோஷம். நாலாவதுல வரவு 4, செலவு 9, கையில 16. வெட்டாதவனுக்கும் அதே 16. அஞ்சாவதுல வரவு 0, கையில 7. ஆறாவதுல கவுந்துச்சு. ரெண்டு செஷன் வரைக்கும் புத்திசாலித்தனமா தெரிஞ்ச முடிவு ஒரு செஷன் முன்னாடியே ஆளைக் கவுத்துடும். மழையைத் திரும்பத் திறந்தாலும் வேகம் உடனே 2க்கு வராது, ஒரு செஷன் தள்ளித்தான் வரும்.

இந்தப் பின்விளைவை விதிப்புத்தகத்துல எழுதாதே. கணக்கு எழுதற பிளேயருக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல குடு. அவன் சபையில சொல்லி மத்தவங்க நம்பணும். அதான் ஆட்டமே.

பேசின்பிரிட்ஜ் – சனி, மதியம் 12.10

சோக்கா கீது. ஆனா ஒரு டவுட்டு தல. நானா இருந்தா இன்னா பண்ணுவேன், கீழ ஒரு ராஜா கனவுல பூந்து பெரிய யாகம் ஒண்ணு போட சொல்லுவேன். ஒரே அடியில 30 வந்துட்டா? கவுறவே கவுறாதே.

வடிவுடை – சனி, மதியம் 1.25

மகாபாரதத்துலயே இதுக்குப் பதில் இருக்கு. சுவேதகின்னு ஒரு அரசன் 12 வருஷம் விடாம நெய்யை ஊத்தி யாகம் பண்ணான். அக்னிக்கு நெய் திகட்டி மந்தம் பிடிச்சு, நிறம் வெளுத்து, அவி சுமக்க முடியாமப் போச்சு. மருந்துக்குத்தான் காண்டவ வனத்தை எரிக்கணும்னு ஆச்சு. அங்க தட்சகன் குடியிருக்கான், அவன் இந்திரனோட சிநேகிதன். இந்திரனே மழையைப் பொழிஞ்சு மருந்தைக் கெடுக்கப் பார்த்தான்.

அதனால சுமக்கறவனுக்கு ஒரு வரம்பு வை. அக்னி ஒரு செஷனுக்கு 12 அலகுக்கு மேல தூக்கினா அடுத்த செஷன்ல பாதிதான் தூக்குவான். குணமாகணும்னா ஒரு காடு எரியணும், எந்தக் காடுன்னு பிளேயர் முடிவு பண்ணட்டும். காடு போனா மழை. அந்தப் பக்கமும் வட்டம் அறுந்துடும்.

நாழிகைவட்டில் – சனி, மாலை 4.00

அடையாளங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நளன் கதையில் தமயந்தி தேவர்களைக் கண்டுபிடிக்கும் குறிகளைப் பயன்படுத்துங்கள்: இமைக்க மாட்டார்கள், வியர்வை இல்லை, மாலை வாடாது, தூசு படியாது, கால் தரையைத் தொடாது. நளனுக்கு மட்டும் நிழல் விழும். இவை தேவனாக இருப்பதன் சான்றுகள். ஒவ்வொன்றாகப் பறிபோனால் அதுவே நோயின் படிநிலை.

பௌத்த நூல்களில் தேவன் விழப்போகிறான் என்பதற்கு ஐந்து குறிகள் நேராகவே சொல்லப்படுகின்றன: மாலை வாடும், உடை அழுக்காகும், அக்குளில் வியர்க்கும், மேனி நிறம் கெடும், தன் இருக்கையில் இருப்புக் கொள்ளாது. கடைசிக் குறிதான் எனக்குப் பிடித்தது. மற்ற நான்கும் உடம்பில் தெரியும். இது மனத்தில்.

மூலக்கொத்தளம் – சனி, மாலை 4.35

ஐயா, ரெண்டையும் கலந்தா காலக் கணக்கு இடிக்கும். பௌத்தத்துல முப்பத்துமூவர் உலகத்துல ஒரு நாள் நமக்கு 100 வருஷம். ஆயுசு 1000 வருஷம், அதாவது நம்ம கணக்குல 3 கோடியே 60 லட்சம். அந்த வேகத்துல எட்டு மாசம்னா கீழ 24,000 வருஷம், ஒரு ஊரும் மிஞ்சாது. அது போக, அவங்க வாழறது அவனவன் முன்வினைப் பலன்ல. கீழேருந்து யாரும் சோறு போடறதில்ல. அவிர்பாகக் கணக்கே அங்க செல்லாது.

நாழிகைவட்டில் – சனி, மாலை 5.10

சரியான தடை. காலமும் வரவும் புராணத்திலிருந்து, குறிகள் மட்டும் பௌத்தத்திலிருந்தும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு குறி. நந்தவனத்தை வெட்டினால் மாலை வாடும். ஒளியை வெட்டினால் வியர்வையும் நிழலும் வரும், கால் தரையில் படும். கந்தர்வர் சம்பளத்தை வெட்டினால் பாட்டு நிற்கும், இருக்கையில் இருப்புக் கொள்ளாது. ஒரே சபையில் இரண்டு செஷன் உட்கார்ந்து பேச விதி அனுமதிக்கக் கூடாது.

காசிமேடு_கிழக்கு – சனி, மாலை 6.45

காவலை வெட்டினா? அதுக்கு மட்டும் குறி வேண்டாம், பகடை போதும். 3 அலகு மிச்சம், ஆனா ஒவ்வொரு செஷன் முடிவுலயும் ரெண்டு பகடை உருட்டு. கூட்டி 10 அல்லது மேல வந்தா அசுரர் உள்ள வந்துடுவாங்க. 36க்கு 6 வாய்ப்பு, ஆறுல ஒண்ணுதான். ஆனா நாலு செஷன் தொடர்ந்து உருட்டினா ஒரு தடவையாவது விழற வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆறுல ஒண்ணுங்கறதை மட்டும் பாத்துட்டு எல்லாரும் துணிஞ்சு வெட்டுவாங்க.

இன்னொரு பொறியும் வேணும். நெருக்கடி வந்தா பிளேயர் கேக்கற முதல் கேள்வி, வர்ற அவியை நகரத்துக்குள்ளயே தேக்கி வெச்சுக்கலாமா, கந்தர்வ லோகத்துக்கும் வித்யாதர லோகத்துக்கும் விடாமங்கறது. விடு, தேக்கட்டும். நம்ம கடற்கரையில நடந்ததுதான் அங்கயும் நடக்கும். வருஷத்துல பெரும்பகுதி கரையோர மணல் தெற்கேருந்து வடக்கே போகும். துறைமுகச் சுவர் அதை மறிச்சப்ப தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரத்துலேருந்து எண்ணூர் வரைக்கும் கரை அரிச்சுது. அரிக்கற இடத்துல கல் கொட்டினா அரிப்பு நிக்கறதில்ல, கல்லுக்கு வடக்கே நகருது. அமராவதி 4 அலகு தேக்கினா அடுத்த லோகம் 4 இழக்கும், அங்கேருந்து வர்ற கந்தர்வன் ஒரு செஷன்ல நின்னுடுவான். அவனுக்குப் பதில் ஆள் வேணும்னா அதுக்கடுத்த லோகம்.

பேசின்பிரிட்ஜ் – சனி, இரவு 8.00

அசுரன் உள்ள பூந்தப்பறம் தேவருங்க கதி இன்னா? கந்த புராணத்துல சூரபத்மன் தேவருங்கள மீன் புட்சினு வரச் சொல்லி வேலை வாங்கினான்ல, அத்த வெக்கலாம்.

காசிமேடு_கிழக்கு – சனி, இரவு 8.12

வை. ஆனா 'ஐயோ கேவலம்'னு எழுதாதே. மீன் பிடிக்கறது இங்க கேவலம் இல்ல. அவங்களுக்கு அது தெரியாத தொழில்ங்கறதுதான் காட்சி. இமைக்காத கண்ணுல உப்புத் தண்ணி பட்டா என்ன ஆகும், தரை தொடாத கால் ஆடற படகுல எப்படி ஊணி நிக்கும்? அதுலேருந்து எழுது.

வடிவுடை – சனி, இரவு 9.30

அஞ்சாவது செஷனுக்கு நகுஷனை வெச்சுக்கோ. விருத்திரனைக் கொன்ன தோஷத்துக்குப் பயந்து இந்திரன் தாமரைத் தண்டுக்குள்ள ஒளிஞ்சுட்டான். காலியான பதவியில மனுஷ அரசனான நகுஷனை உக்கார வெச்சாங்க. அவன் பார்வையில படறவங்களோட தேஜஸ், அதாவது ஒளி, அவனுக்குப் போயிடும்ங்கறது அவனுக்குக் கிடைச்ச வரம். கடைசியில முனிவர்களைப் பல்லக்கு சுமக்க வெச்சு, அகத்தியரைக் காலால உதைச்சு, பாம்பா விழுந்தான்.

அந்த வரத்தை அப்படியே விதியாக்கிடு. சபையில நகுஷன் முன்னாடி நின்னு பேசற ஒவ்வொரு பிளேயருக்கும் ஒளி 1 குறையும். சேதி சொல்லணும்னா முன்னாடி போய்த்தான் ஆகணும். கணக்கு எழுதறவன் 'வரவு நின்னு போச்சு'ன்னு சொல்லப் போவானா, தூணுக்குப் பின்னாடி நிப்பானா? இது ஒண்ணே ஒரு செஷனுக்குப் போதும்.

மூலக்கொத்தளம் – ஞாயிறு, காலை 8.20

எல்லாரும் அமிர்தத்தை மறந்துட்டீங்க. அமிர்தம் குடிச்சவன் சாக மாட்டான். பிளேயர் கண்டிப்பா கேப்பான்.

நாழிகைவட்டில் – ஞாயிறு, காலை 9.15

அமிர்தம் சாவைத்தான் தடுக்கும், பதவி போவதைத் தடுக்காது. சூரபத்மனுக்குப் பயந்து சீர்காழியில் மறைந்து வாழ்ந்த இந்திரனும் சாகவில்லை. தான் வளர்த்த நந்தவனம் வறட்சியில் வாடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளியே வேண்டாம். இழப்பதற்கு இருப்பது ஒளியும் இடமும் மட்டும்.

இடம் போனால் இறங்கும் வழி இரண்டு. ஒன்று யயாதி வழி: பெருமை பேசியதால் உடம்போடு தள்ளப்பட்டு, பேரன்மார் வேள்வி செய்யும் இடத்தில் வந்து, அவர்கள் கொடுத்த புண்ணியத்தால் மீண்டும் ஏறியது. மற்றொன்று சாந்தோக்கிய உபநிடதம் சொல்வது: புண்ணியம் தீர்ந்தவர் ஆகாயம், காற்று, புகை, மேகம் வழியாக மழையாகி, நெல், எள், உளுந்துக்குள் புகுந்து, உண்பவர் வழியாகப் பிறப்பது. தானியத்திலிருந்து வெளியேறுவதே மிகக் கடினம் என்றும் அங்கே சொல்லப்படுகிறது.

கல்மண்டபம் – ஞாயிறு, காலை 9.50

விழறவங்க எல்லாரையும் எண்ணூர் முகத்துவாரத்துல இறக்கறதா இருந்தேன்.

காசிமேடு_கிழக்கு – ஞாயிறு, காலை 10.30

யயாதி வழின்னா சரி, உடம்போட விழறவன் கொசஸ்தலை ஆத்துச் சேத்துல விழலாம். மழை வழின்னா எண்ணூர் சரிப்படாது. அங்க பெய்யற மழை கழிமுகத்துல கலந்து கடலுக்குப் போயிடும், புகறதுக்கு நெல்லு இல்ல. வயல் வேணும்னா மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பெய்யணும். ஒரு பகடை உருட்டு: 1 முதல் 4 கடல், திரும்ப ஆவியாகி அடுத்த வருஷம் முயற்சி பண்ணணும். 5, 6 வந்தா வயல். முதல் தடவையே வயல் கிடைக்க மூணுல ஒரு வாய்ப்பு. மழையை வெட்டின ஆட்டத்துல அவங்களுக்கே இறங்க வழி இருக்காது, அதையும் விதியா எழுதிடு.

பேசின்பிரிட்ஜ் – ஞாயிறு, காலை 10.41

இது செம. மழைய கட் பண்ணவன் மேலயே மாட்டிக்குவான்.

வடிவுடை – ஞாயிறு, மதியம் 12.05

கடைசிச் செஷனுக்கு ஒண்ணு. காலியான சொர்க்கத்துல யார் உக்காருவாங்க? பிரம்மாவோட ஒரு பகலான கல்பத்துக்கு 14 மனு, ஒரு மனுவோட காலமான ஒவ்வொரு மன்வந்தரத்துக்கும் ஒரு இந்திரன், ஒரு மன்வந்தரம் 71 சதுர்யுகம் (நாலு யுகம் சேர்ந்தது ஒரு சதுர்யுகம்). இப்ப இருக்கறவன் புரந்தரன். அடுத்த சாவர்ணி மன்வந்தரத்துல இந்திரன் மகாபலிதான். இப்ப கீழ் உலகங்கள்ல ஒண்ணான சுதலத்துல காத்துக்கிட்டு இருக்கான். அதனால எட்டாவதுல வர்ற அசுரர்கள் கொள்ளையடிக்க வரல. பொறுப்பு ஏத்துக்கப் போறவனோட ஆளுங்க, இடத்தைப் பாக்க வந்திருக்காங்க. வாசலை உடைக்க வேண்டியதில்ல, காவல் கிடையாது. நேரா உள்ள வந்து கணக்குப் புத்தகத்தைத்தான் கேப்பாங்க.

கல்மண்டபம் – ஞாயிறு, மதியம் 12.40

அப்ப கணக்கு எழுதறவன் புத்தகத்தைக் குடுக்கறதா, அக்னியில போடறதாங்கறதுதான் கடைசி முடிவு.

மூலக்கொத்தளம் – ஞாயிறு, மதியம் 12.52

அக்னி அதைத் தூக்கற நிலையில இருந்தா. ஆறாவதுலயே மந்தம் பிடிச்சிருந்தா எரியாது, குடுத்துத்தான் ஆகணும். கணக்கு எழுதறவன் பாத்திரம் யாருக்குங்கறதை இப்பவே சீட்டு குலுக்கிப் போட்டுடு, எல்லாரும் அதைத்தான் கேக்கப் போறாங்க.